ஹோமர் புறாக் குஞ்சு முதல் தடவை வெளியே விட்டதுமே காணாமப் போகுது, எங்க தப்பு?

மாடிக்கூண்டு எழுதியது:

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டை, மொட்டை மாடிக் கூண்டு. நீளம் 6 அடி, அகலம் 4, உயரம் 6. மூணு பக்கம் தகரம், கிழக்குப் பக்கம் மட்டும் வலை. இப்போ 14 ஹோமர் (தூரத்துல விட்டாலும் வீடு திரும்புற பந்தயப் புறா) குஞ்சு இருக்கு. அதுல 9 குஞ்சுக்கு 30லிருந்து 35 நாள். மீதி 5 குஞ்சு 55 நாளைத் தாண்டிடுச்சு, ஒரு தடவை கூட வெளியே வந்ததில்ல. தீனித் தட்டு நாள் முழுக்க உள்ளேயே இருக்கும்.

போன செட்டுல 11 குஞ்சு. காலையில 9 மணிக்குத் தீனி தின்ன பிறகு கதவைத் திறந்து விட்டதுல 5 அன்னைக்கே போச்சு. வந்த ஆறும் பக்கத்து வீட்டுத் தண்ணி டேங்க் மேலயே உட்கார்ந்து, இருட்டினப்புறம்தான் உள்ளே வந்துச்சு.

கேட்க வேண்டியது மூணு. இந்த 14ஐ எப்படி வெளியே எடுக்கணும்? 55 நாள் ஆனதை விடலாமா, இல்ல ஜோடிக்கு வெச்சுக்கணுமா? தை கடைசிக்குள்ள ஆந்திராவுல நாயுடுபேட்டை, கூடூர் வரைக்கும் கொண்டு போகணும்னா டாஸ் (கூடையில கொண்டு போய் தூரத்துல விட்டு வீடு திரும்பப் பழக்கறது) எப்போ ஆரம்பிச்சு எப்படிக் கூட்டணும்? இப்போ புரட்டாசி பாதி.

ஓலைக்கூடை எழுதியது:

கேள்வியிலேயே பதில் இருக்கு. வயிறு நிறைஞ்ச குஞ்சை, வெளியை ஒரு தடவை கூடப் பார்க்காத குஞ்சை, பகல் முழுக்க மிச்சம் இருக்கிற 9 மணிக்கு விட்டா அது உள்ளே வர எந்தக் காரணமும் இல்லை. ஹோமர்னா தானா வரும்னு நினைக்கிறோம். வீடு எதுன்னு மனசுல பதிஞ்ச பிறகுதான் அது ஹோமர்.

முதல்ல தீனித் தட்டை வெளியே எடுங்க. ஒரு குஞ்சுக்கு நாளைக்கு 30 கிராம், 14க்கு 420 கிராம். காலையில 140, சாயங்காலம் 280. கால் மணி நேரத்துல தின்னு முடிக்கணும், மிச்சம் இருந்தா அள்ளிடுங்க. தண்ணி மட்டும் எப்பவும் இருக்கட்டும். தீனி வைக்கிற ஒவ்வொரு வேளையும் ஒரு டப்பாவுல கைப்பிடி சோளம் போட்டுக் குலுக்குங்க. விசில்னா விசில். எதுவானாலும் ஒரே சத்தம், ஒரே ஆள். நாலஞ்சு நாள்ல டப்பா குலுங்கினதும் காலுக்கடியில வந்து நிக்கும். அப்படி நிக்கிற வரைக்கும் கதவைத் தொடாதீங்க.

அதே நாட்கள்ல வேடிக்கைக் கூண்டு வைங்க. 3 அடிக்கு 2 அடி, ஒன்றரை அடி உயரத்துல நாலு பக்கமும் மேலேயும் வலை. ட்ராப் (புறா உள்ளே மட்டும் வரக்கூடிய வாசல்) வெளியே திறக்கிற இறங்குபலகை மேல அப்படியே பொருந்தணும். சாயங்காலம் தீனிக்கு ஒரு மணி நேரம் முன்னாடி குஞ்சுகளை அதுல விடுங்க. சுத்தி இருக்கிற டேங்க், செல்போன் டவர், கோயில் கோபுரம், எதிர் மாடி எல்லாத்தையும் அங்கேயிருந்து தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்க்கும். பார்க்கட்டும். பிறகு டப்பாவைக் குலுக்குங்க, ட்ராப் வழியா உள்ளே போய்த்தான் தீனி. இது ஏழு நாள்.

ட்ராப்ல இருக்கிறது பாப் கம்பின்னா (மேலேயிருந்து தொங்கி ஆடுற கம்பி) முதல் ரெண்டு நாள் எல்லாக் கம்பியையும் தூக்கிக் கட்டிடுங்க. மூணாம் நாள் நடுவுல ரெண்டு கம்பி மட்டும் தூக்கி இருக்கட்டும். அஞ்சாம் நாள் எல்லாம் கீழே. நெஞ்சால தள்ளத் தயங்கி நிக்கிறதைப் பின்னாடி இருந்து விரலால லேசா அழுத்தினா போதும். கம்பி உள்பக்கம் மட்டும்தான் ஆடணும். கம்பிக்குக் கம்பி ரெண்டு அங்குலம் இடைவெளி. மூணு அங்குலம் விட்டா குஞ்சு தலையை விட்டு வெளியே வந்துடும்.

முதல் விடுப்பு சாயங்காலம்தான். சூரியன் மறைய முக்கால் மணி நேரம் இருக்கும்போது, வானம் தெளிவா, காத்து லேசா இருக்கிற நாள். அன்னைக்குக் காலைத் தீனி பாதி. வேடிக்கைக் கூண்டோட மேல் மூடியைத் திறந்து வெச்சுட்டு நீங்க ஒதுங்கி உட்காருங்க. கை தட்டறது, குச்சி ஆட்டறது, துரத்திப் பறக்க வைக்கிறது எதுவும் வேண்டாம். தானா ஏறி வந்து கூரை மேல நடக்கும், ஒண்ணு ரெண்டு எம்பிப் பார்க்கும். இருபது நிமிஷம் கழிச்சு டப்பா. உள்ளே போனதை எண்ணிட்டு அப்புறம் தீனி.

இன்னொண்ணு. மாடியில துணி காயுற கொடி இருந்தா அந்த நேரத்துக்குக் கழட்டிடுங்க. காத்துல படபடன்னு அடிக்கிற ஒரு வேட்டி போதும், மொத்தக் கூட்டமும் மிரண்டு எழும்பிடும். முதல் வாரத்துல போற குஞ்சுகள்ல பெரும்பாலானது வழி தெரியாம போறதில்ல. மிரண்டு எழும்புது, இறங்கத் தெரியாம காத்தோட போயிடுது.

கர்ணம்வடசென்னை எழுதியது:

அண்ணே, இவ்வளவு எதுக்கு? ரெக்கையைக் கட்டி மாடியில பத்து நாள் விடுங்க, பட்டினி போடுங்க, அவுத்துவிட்டா எங்கேயும் போகாது. சாதாப் புறா, கர்ணப் புறா எல்லாத்துக்கும் அதான் பழக்கம்.

செக்கர்பெட்டை எழுதியது:

ரெக்கை கட்டறது வளர்ந்து முடிஞ்ச புறாவுக்குச் சரி. 35 நாள் குஞ்சுக்கு வெளி இறகு பத்தும் இன்னும் முழுசா நீளல, அடியில ரத்தக் குருத்து இருக்கும். நூல் இறுகினா குருத்து உடையும். உடைஞ்ச இறகு அடுத்த உதிர்வு வரைக்கும் அப்படியேதான் இருக்கும். தவிர மாடியில பூனை வந்தா கட்டின ரெக்கையோட அது எங்கே போகும்? அந்த ஒன்பது குஞ்சுக்கும் கட்டு தேவையே இல்லை. அந்த வயசுல பறக்க பலம் இல்லாததே ஒரு கட்டுதான்.

ஆனா 55 நாள் தாண்டின அஞ்சுக்கு நண்பர் சொன்னது பாதி பொருந்தும். சிக்கல் என்னன்னா ரெக்கையில பலம் வந்துடுச்சு, இடம் இன்னும் பழகல. ஒரே எம்பல்ல மூணு தெரு தாண்டிடும், அங்கேயிருந்து பார்த்தா எந்த மாடி நம்ம மாடின்னு தெரியாது. அதனால ஒரு பக்க ரெக்கையில மட்டும் வெளி இறகு ஏழெட்டைச் சேர்த்து பேப்பர் டேப்பால ஒரு சுத்து சுத்துங்க, இறகோட நடுப்பகுதியில, சதைக்குப் பக்கத்துல இல்லாம. ஏழு நாளுக்கு மேல வேண்டாம். பிரிக்கும்போது தண்ணி தொட்டு நனைச்சுப் பிரிங்க, இழுத்தா இறகு மயிர் பிரிஞ்சுடும். அந்த ஏழு நாளும் நீங்க மாடியில இருக்கும்போது மட்டும்தான் வெளியே. கட்டைப் பிரிச்ச அன்னைக்கே விடாதீங்க. ரெண்டு நாள் உள்ளே பறந்து பழகட்டும், அப்புறம் சாயங்காலத்துல, சின்னக் குஞ்சுகளோட சேர்த்து, ஒரு நாளைக்கு ரெண்டு மட்டும். அஞ்சையும் ஒண்ணா விட்டா ஒண்ணு எழும்பினதும் அஞ்சும் எழும்பும்.

இவ்வளவு செஞ்சும் அஞ்சுல ஒண்ணு ரெண்டு போகலாம், அதுக்குத் தயாரா இருங்க. நல்ல ரத்தம்னு நினைக்கிற குஞ்சு அதுல இருந்தா வெளியே விடாம ஜோடிக்கு வெச்சுக்கறதுதான் புத்தி. விலைக்கு வாங்கின பெரிய ஹோமருக்கும் இதே கதைதான். அது ஆயுசுக்கும் கைதி ஜோடி, அதோட குஞ்சுதான் நமக்குப் பறக்கும்.

பட்டினி பத்தி: பசி வேற, பட்டினி வேற. விடுற அன்னைக்குப் பாதித் தீனி பசி. ரெண்டு நாள் ஒண்ணும் போடாம இருக்கிறது பட்டினி. பட்டினி கிடந்த குஞ்சு எதிர் மாடியில காயப்போட்ட அரிசியைப் பார்த்தா அங்கேதான் இறங்கும். அடுத்த நாளும் அங்கேயேதான் இறங்கும். நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்க. கத்தி மாதிரி தட்டுப்பட்டா தீனி குறைவு, எலும்பே தெரியலன்னா அதிகம்.

மாடிக்கூண்டு எழுதியது:

நன்றி. டேங்க் மேல உட்கார்றதுக்கு என்ன செய்யறது? கல்லை விட்டு எழுப்பினா வேற மாடிக்குப் போகுது.

ஓலைக்கூடை எழுதியது:

கல்லை விடாதீங்க. எழுப்பினா அந்த இடம் பயம், நம்ம மாடியும் பயம். உட்கார்ந்தது உட்காரட்டும். உள்ளே வந்ததுகளுக்கு வேடிக்கைக் கூண்டுல, வெளியே தெரியற மாதிரி தீனி போடுங்க. மத்தது தின்றதைப் பார்த்தா பத்து நிமிஷத்துல இறங்கும். இறங்கி இறங்குபலகையிலேயே அலைஞ்சா அதுக்குக் காரணம் ட்ராப், இல்ல தீனி. இது பின்னாடி பந்தயத்துல அப்படியே தெரியும். நெல்லூர்லேருந்து ரெண்டரை மணி நேரத்துல வந்த புறா கூரை மேல இருபது நிமிஷம் உட்கார்ந்தா, காலுல மாட்டின ரிங் கூண்டுக்கு உள்ளே வந்த நேரம்தான் கணக்கு. அந்த இருபது நிமிஷத்துல நிமிஷத்துக்கு ஆயிரம் மீட்டர் வேகத்துல வர்ற இன்னொரு புறா 20 கிலோமீட்டரைக் கடந்திருக்கும்.

பறவைத்தூரம் எழுதியது:

டாஸ் கேள்விக்கு வரேன்.

எப்போ ஆரம்பிக்கிறதுன்னு காலண்டர் பார்த்து முடிவு பண்ணாதீங்க, குஞ்சு சொல்லும். ரெண்டு மாசம், ரெண்டரை மாசம் ஆகும்போது கூட்டமா எழும்பி மாடியைச் சுத்தும். பிறகு ஒரு நாள் திடீர்னு கண்ணுலேருந்து மறையும். இருபது நிமிஷம், அரை மணி, சில நாள் ஒரு மணி நேரம் கழிச்சு வேற திசையிலேருந்து வரும். வயித்துல புளியைக் கரைக்கும், ஆனா அதுதான் நல்ல சேதி. இப்படி பத்து நாள் தொடர்ந்து மறைஞ்சு வந்தா டாஸுக்குத் தயார். மாடியைச் சுத்திட்டு மூணு நிமிஷத்துல இறங்குற கூட்டத்தை 20 கிலோமீட்டர் கொண்டு போனா பாதி போயிடும்.

அதுக்கு முன்னாடி கூடை. ஒரு புறாவுக்கு ஏ4 தாளில் பாதி அளவு இடம், உயரம் 10 அங்குலத்துக்கு மேல வேண்டாம். உயரம் கூடினா ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். மூணு ராத்திரி கூடையிலேயே தூங்க விட்டு, காலையில மாடியிலேயே திறந்து விடுங்க. கூடைக்கு வெளியே மாட்டின தொட்டியில தலையை நீட்டித் தண்ணி குடிக்கக் கத்துக்கணும். இதைக் கத்துக்காத குஞ்சு லாரியில ஒரு ராத்திரி போனாலே வறண்டு போய் விழும்.

தூரம் எல்லாம் பறவை தூரம், வண்ணாரப்பேட்டைக் கணக்கு. ரயில் டைம்டேபிள்ல சூளூர்பேட்டை 83 கிலோமீட்டர்னு போட்டிருக்கும், நேர்கோட்டுல சுமார் 72தான். முதல்ல மாதவரம் பக்கம் 6, 7 கிலோமீட்டர், மூணு தடவை. அடுத்து செங்குன்றம் ஏரிக்கரை, சுமார் 14. ரெண்டு தடவை. பிறகு பொன்னேரி, 27, மூணு தடவை. இங்கேதான் அவசரப்படக் கூடாது. பொன்னேரியை மூணு தடவை நல்லா வந்த குஞ்சு கும்மிடிப்பூண்டி 37ஐ ஒரு பொருட்டா எடுத்துக்காது. அதுக்கப்புறம் தடா 59, சூளூர்பேட்டை 72, நாயுடுபேட்டை சுமார் 100, கூடூர் 125. நாயுடுபேட்டை தாண்டின பிறகு வாரத்துக்கு ஒண்ணு போதும்.

அடுத்த தூரத்துக்குப் போகலாமா வேண்டாமாங்கிறதுக்கு ஒரு அளவு வெச்சுக்கங்க. காத்து இல்லாத நாள்ல நல்ல கூட்டம் நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர் வரும். பொன்னேரியிலேருந்து 27, 30 நிமிஷம். முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகட்டும், பரவாயில்ல. ரெண்டாம் தடவையும் ஒரு மணின்னா அதே இடம்தான் திரும்பவும். ஒண்ணு ரெண்டு வராமப் போனா பின்னாடி வந்து செங்குன்றத்துலேருந்து தொடங்குங்க. பாதிக் கூட்டம் சிதறினா ஒரு வாரம் டாஸே வேண்டாம்.

மீஞ்சூர் இந்த வரிசையில ஏன் இல்லைன்னு கேட்பீங்க. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துலேருந்து கிளம்புற உயர் அழுத்தக் கம்பி அந்தச் சுத்துவட்டாரம் முழுக்க ஓடுது. கூடையைத் திறந்ததும் தாழ்வா வட்டம் போடுற கத்துக்குட்டிக் கூட்டத்துக்கு அது கத்தி. நெஞ்சு கிழிஞ்சு வர்ற குஞ்சு பெரும்பாலும் கம்பியில பட்டதுதான், பருந்து அடிச்சது இல்ல. எங்கே விட்டாலும் நாலு பக்கமும் கால் கிலோமீட்டருக்குக் கம்பி இல்லாத இடம் பாருங்க.

இடத்துக்குப் போனதும் உடனே திறக்காதீங்க. கூடையை நிழல்ல வெச்சு இருபது நிமிஷம். வண்டியில ஆடின தலை நிக்கட்டும், வெளிச்சத்தைப் பார்க்கட்டும். வெயில் தரையில விழுந்து நிழல் தெளிவாத் தெரிஞ்ச பிறகுதான் மூடியைத் திறக்கணும். மார்கழி, தை காலையில பொன்னேரி, பழவேற்காடு பக்கம் ஏழரை மணி வரைக்கும் கூட மூடுபனி கிடக்கும். அது விலகுற வரைக்கும் காத்திருங்க. அதுக்காக பதினொரு மணி வரைக்கும் இழுக்கவும் கூடாது. வெயில் ஏறினா தாகம், மதியம் கடல்காத்தும் கிளம்பிடும்.

முதல் அஞ்சாறு டாஸ் கூட்டமா விடுங்க. பொன்னேரியைப் பழகின பிறகு ரெண்டு ரெண்டா, பத்து நிமிஷ இடைவெளியில. கூட்டத்துல எப்பவும் ரெண்டு மூணுதான் வழி பார்க்கும், மத்தது பின்னாடி ஓடும். பின்னாடி ஓடுறது எதுன்னு தெரியணும்னா பிரிச்சு விட்டாத்தான் தெரியும்.

கூடார்_வழி எழுதியது:

மூணு பக்கம் தகரம்னு படிச்சேன், அதைப் பத்தி யாரும் சொல்லல. அதை முதல்ல மாத்துங்க. சூடு மட்டும் காரணம் இல்ல. இத்தாலியில பீசா பல்கலைக்கழகத்துல பாப்பியும் அவரோட கூட்டாளிகளும் 1970கள்ல செஞ்சு பார்த்தது: காத்து வராம மறைச்ச கூண்டுல வளர்ந்த புறாவைத் தூரத்துல விட்டா வீட்டுத் திசை சரியாப் பிடிக்கல. காத்து எந்தத் திசையிலேருந்து என்ன வாசனையைக் கொண்டு வருதுன்னு குஞ்சு கூண்டுல இருக்கும்போதே பழகுதுங்கிறது அவங்க கருத்து. இதுல ஆராய்ச்சியாளர்களுக்குள்ள இன்னும் சண்டை ஓயல, அது வேற. வடக்கிலும் மேற்கிலும் மேல் பாதித் தகரத்தை எடுத்துட்டு வலை அடிக்க எவ்வளவு செலவாகப் போகுது? மழைக்குச் சுருட்டி விடுற மாதிரி தார்ப்பாய் போட்டுக்கங்க.

மேகமூட்டத்துல ஏன் விடக் கூடாதுங்கிறதுக்கும் ஒரு சோதனை இருக்கு. 1971ல கார்னெல் பல்கலைக்கழகத்து கீட்டன் புறா முதுகுல சின்னக் காந்தம் ஒட்டி விட்டார். வெயில் நாள்ல காந்தம் ஒட்டினதும் சரியா வந்துச்சு. மேகமூட்டத்துல குழம்பிச்சு. அதாவது சூரியன் தெரிஞ்சா அதை வெச்சு திசை பார்க்கும், தெரியலன்னா பூமியோட காந்தத்துக்குப் போகும். சூரியனை வெச்சுத் திசை பார்க்கிறது பறந்து பறந்து கத்துக்கிற வேலை, பிறவியிலேயே வர்றது இல்ல. பழகின புறா மேகத்துலயும் வரும், மூணு மாசக் குஞ்சுகிட்ட அதை எதிர்பார்க்காதீங்க. ஐப்பசி, கார்த்திகையில மழைக்கு நடுவே கிடைக்கிற வெயில் நாள்தான் உங்க டாஸ் நாள்.

எச்சம்பார் எழுதியது:

வராத குஞ்சுல பாதி வழி தெரியாம நிக்கல, உடம்பு முடியாம நிக்குது. கூடையில ஏத்தறதுக்கு முன்னாடி ராத்திரி ஒவ்வொண்ணையும் கையில எடுங்க. காலையில தீனிப்பை காலியா இருக்கணும். நேத்துத் தின்ன சோளம் அப்படியே இருந்தா, இல்ல வாந்தி எடுத்திருந்தா, அது குஞ்சுக் காய்ச்சல். அந்தக் குஞ்சைத் தனியா வைங்க, கூட்டத்துக்கே பத்து நாள் டாஸ் கிடையாது. வாயைத் திறந்து தொண்டையில மஞ்சள் கட்டி இருக்கான்னு பாருங்க. எச்சம் உருண்டையா, மேல வெள்ளைத் தொப்பியோட இருக்கணும். பச்சைத் தண்ணியா இருந்தா குடல் கெட்டிருக்கு. கடையில சொல்ற பொடியை எல்லாம் தண்ணியில கலக்காம, புது எச்சத்தை ஒரு டப்பாவுல எடுத்து கால்நடை மருத்துவர்கிட்டக் கொண்டு போங்க. உங்களுக்கு வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி பக்கம்தான். ரத்தக் கழிச்சலா, தொண்டைக் கட்டியா, புழுவான்னு மைக்ரோஸ்கோப் சொல்லிடும். மூணுக்கும் மருந்து வேற வேற.

கழுத்துத் திருகல் நோய்க்கு பி.எம்.வி. தடுப்பூசி ஆறு வார வயசுல, டாஸ் தொடங்கறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே முடிஞ்சிருக்கணும். மழைக்காலத்துல கொசுவால அம்மை வரும், வலைக்கு உள்பக்கம் கொசுவலை அடிங்க. அப்புறம் ஈர மக்காச்சோளம், பூஞ்சை பிடிச்ச நிலக்கடலை ரெண்டும் கல்லீரலைக் கெடுக்கும். வாங்கின அன்னைக்கே மாடியில ஒரு வெயில் காய வைங்க. 10 கிலோ கலவைக்குக் கம்பு 2, வெள்ளைச்சோளம் 2, மக்காச்சோளம் 2, கோதுமை 2, பச்சைப்பயறு 1, பட்டாணி 1. தடா தாண்டிப் போகும்போது கோதுமையில ஒரு கிலோவைக் குறைச்சு மக்காச்சோளத்தைக் கூட்டுங்க. கிளிஞ்சல், செங்கல் தூள், கரி, கொஞ்சம் உப்பு தனிச் சட்டியில எப்பவும் இருக்கட்டும்.

ரெக்கையில உதிர்வும் பாருங்க. வெளி இறகு உள்ளேயிருந்து ஒண்ணொண்ணா உதிரும். ஒண்ணு விழுந்து பாதி வளர்ந்திருந்தா பறக்கும். கடைசி மூணு விழுற சமயத்துலயோ, கழுத்து இறகு கொத்துக் கொத்தா கொட்டும்போதோ 50 கிலோமீட்டருக்கு மேல வேண்டாம்.

மாடிக்கூண்டு எழுதியது:

தகரத்தை எடுக்கிறேன். இன்னும் ரெண்டு கேள்வி. தீபாவளி நடுவுல வருது, பழக்கத்தை நிறுத்தணுமா? பைரி (புறாவை வேட்டையாடுற பறவை) தொல்லைக்கு என்ன வழி?

பறவைத்தூரம் எழுதியது:

தீபாவளிக்கு முந்தின நாளும், தீபாவளி அன்னைக்கும், பிந்தின ரெண்டு நாளும் கதவே திறக்காதீங்க. மேற்குப் பக்கம் தார்ப்பாயை இறக்கிடுங்க, ராத்திரி உள்ளே ஒரு ஜீரோ வாட் பல்பு எரியட்டும். வெடிச்சத்தத்துல இருட்டுல எழும்பி சுவத்துல மோதாம இருக்க அது உதவும். அதுக்கடுத்த நாள் நேரா பறக்க விடாம, வேடிக்கைக் கூண்டு ஒரு சாயங்காலம், அடுத்த நாள் விடுப்பு. போகி அன்னைக்கும் டாஸ் கிடையாது. விடியக்காலையில எரிச்ச புகை ஊர் மேல இறங்கி நிக்கும், பொன்னேரியில வானம் தெளிவா இருந்தாலும் வண்ணாரப்பேட்டை வானத்துல எதுவும் தெரியாது. பொங்கலை ஒட்டிப் பட்டமும் பறக்கும். மாஞ்சா நூல் ரெக்கை மூட்டை அறுத்துடும்.

பைரி பனிக்காலத்துக்கு வடக்கேயிருந்து வந்து, பழவேற்காடு ஏரி மாதிரி நீர்ப்பறவை கூடுற இடத்துல பங்குனி வரைக்கும் இருக்கும். அது உங்க வழியிலேயேதான் இருக்கு, முழுசாத் தப்பிக்க வழி இல்ல. ஒரே இடம், ஒரே நேரம்னு விட்டா அதுவும் பழகிக்கும். பொன்னேரியிலேயே ரெண்டு மூணு இடம் மாத்துங்க, நேரத்தையும் அரை மணி முன்னே பின்னே வைங்க. ஊருக்குள்ள மாடி மேல அடிக்கிறது பெரும்பாலும் வல்லூறு. அது மறைவுலேருந்துதான் பாயும், உங்க டேங்க் பக்கமா மரக்கிளை நீட்டிக்கிட்டு இருந்தா அதை வெட்டிடுங்க. கள்ளப்பருந்து வட்டம் போடுறதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், திடமான புறாவை அது துரத்திப் பிடிக்கிறது அபூர்வம்.

அடி வாங்கி வந்த கூட்டம் ரெண்டு மூணு நாள் கூரையில இறங்கவே பயப்படும். அந்த நாட்கள்ல தூரம் கூட்டாதீங்க. சாயங்காலம் பாதித் தீனி, டப்பா, ட்ராப். பதினாலும் பத்து நிமிஷத்துக்குள்ள உள்ளே போகுதான்னு கடிகாரம் வெச்சுப் பாருங்க. போச்சுன்னா மறுநாள் கூடையை எடுக்கலாம்.